ஐஸ்பழம் எண்ணுகிறவள்

விற்பனை அறிக்கைக்குக் குவெரி எழுதும் தொழிலில் ஒரு வசதி உண்டு: கணக்குச் சரியாக வந்தால் அது கொம்பியூட்டரின் கெட்டித்தனம், பிழையாக வந்தால் அது எழுதினவரின் கைங்கரியம்.

காலைத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் “றிப்போட் எங்க?” என்ற குரலைக் கேட்டுப் பழகியவர்களே, நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். என் வீடு குருக்கள்மடத்தில். வேலை காத்தான்குடியில், ஓர் ஐஸ்கிறீம் கொம்பனியில். கீழே தொழிற்சாலை, மேல்மாடியில் கந்தோர், என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வாவி. பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் எங்கள் ஓட்டோக்களில் என்ன, எங்கே, எப்போது விற்றது என்பதைச் சாரதிகள் தங்கள் போனில் தட்டிவிடுவார்கள். எல்லாம் வந்து விழுகிற இடம் என் தரவுத்தளம். மலைபோல் குவிந்து கிடக்கும் அந்த வரிகளைக் கூட்டி, எண்ணி, சராசரி எடுத்து, முதலாளிக்கு ஒரே பக்கத்தில் கொடுப்பதுதான் என் வேலை. முதலாளியை நாங்கள் ஹாஜியார் என்போம். விற்பனைக்குப் பொறுப்பானவர் றமீஸ் காக்கா; காக்கா என்றால் இங்கே அண்ணன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இந்த வேலையில் ஒரு பைத்தியம். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விதான் குவெரி; அதை நாலு வரியில் எழுதிப் பொத்தானை அழுத்துகிறேன். ஒரு மாவட்டமே நக்கித் தின்ற ஐஸ்கிறீம் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் ஏழெட்டு வரியாகச் சுருண்டு வந்து முன்னால் நிற்கிறது. அந்த நேரம் வயிற்றுக்குள் ஏதோ குதிக்கும். உங்களுக்கும் குதிக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியில் சொல்லமாட்டீர்கள், அவ்வளவுதான்.

பையின் பெருமை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஊர் வாரியாக விற்பனை வேண்டும் என்றார் ஹாஜியார். இதற்கென்றே பிறந்த கட்டளை ‘குரூப் பை’. ஒரே பெயருள்ள வரிகளை ஒன்றாகச் சேர்த்து, ஊருக்கு ஒரு கூட்டுத்தொகை தந்துவிடும். ஆசையோடு அழுத்தினேன். பத்துப் பன்னிரண்டு ஊர் வரவேண்டிய இடத்தில் திரை நிறைய ஊர்கள் ஓடின. ஏறாவூர் மட்டும் நாலு விதம். சின்ன ‘ர’ போட்டது ஒன்று, பெரிய ‘ற’ போட்டது ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு. சாரதிகள் கைக்கு வந்தபடி தட்டியிருந்தார்கள். எழுத்து ஒன்று மாறினாலும் கொம்பியூட்டருக்கு அது வேறு ஊர்.

அதைவிடப் பெரிய கூத்து, அமிர்தகழியில் வியாபாரம் படுத்துக் கிடந்தது, மாமாங்கத்தில் பிய்த்துக்கொண்டு போனது! மாமாங்கேஸ்வரர் கோயில் இருப்பதே அமிர்தகழியில்தான். ஒரு சாரதி ஊரின் பெயரைப் போட, மற்றவர் கோயிலின் பெயரைப் போட்டிருக்கிறார். அன்று முழுக்க இருந்து ஊர்களுக்கு ஒரே பட்டியல் செய்தேன். இனி யாரும் தட்டத் தேவையில்லை, பார்த்துத் தெரிவு செய்தால் போதும். பழைய வரிகளையும் திருத்திவிட்டு மறுபடி அழுத்தினேன். ஊருக்கு ஒரு வரி, அச்சொட்டாக! துள்ளிக்கொண்டு போய் றமீஸ் காக்காவைக் கூட்டிவந்து காட்டி, குரூப் பையின் பெருமையை மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: “பேரே பை எண்டுதானே இரிக்கி தங்கச்சி, உள்ளுக்கு என்னத்தப் போட்டமோ அதுதானே வெளிய வரும்?”

சஹன் வந்த நேரம்

சீனி விலை ஏறியதால் ஹாஜியார் மனமில்லாமல் ஐஸ்கிறீமின் விலையையும் ஏற்றினார். சனம் வாங்காமல் விட்டுவிடுமோ என்று அவருக்கு நித்திரையில்லை. மாத முடிவில் அறிக்கை எடுத்தேன். எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர் எழுதி வைத்துவிட்டு டோஹாவுக்குப் போன குவெரி அது. நான் மாதத்தை மட்டும் மாற்றி ஓடவிட்டேன். விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்கு! காகிதத்தைப் பார்த்த ஹாஜியார் எழும்பி நின்றுவிட்டார். “வெலையக் கூட்டக் கூட்ட சனம் கூட வாங்குது!” என்று கந்தோர் முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லோருக்கும் புரியாணிக்கு ஆள் அனுப்பினார். அடுத்த மாதம் இன்னொரு தரம் விலையை ஏற்றுவது, புதுக் குளிர்சாதன லொறிக்குச் சொல்லிவைப்பது என்று றமீஸ் காக்காவோடு திட்டம் வேறு தொடங்கிவிட்டது.

எனக்கும் சந்தோசம்தான். ஆனால் விலை ஏறினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். இது எல்லாம் சொல்லிவைத்ததுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வனிலா இரண்டு மடங்கு, மாம்பழம் இரண்டு மடங்கு, ஒருவரும் சீண்டாத பச்சைநிறக் கோனும் இரண்டு மடங்கு. கீழே இறங்கி ஓடி, தொழிற்சாலையில் அந்த மாதம் எத்தனை செய்தார்கள் என்று கேட்டேன். விற்றதில் பாதிதான் செய்திருக்கிறார்கள். விசயம் விளங்கிவிட்டது. விலைப் பட்டியலில் புது விலையைச் சேர்த்தவர்கள் பழைய விலையை எடுக்கவில்லை. விற்ற ஒவ்வொரு கப்பும் பட்டியலுக்குப் போய்ப் பழைய விலையோடு ஒரு தரம், புது விலையோடு ஒரு தரம் கைகோர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு கப் இரண்டு கப்பாகக் கூட்டப்பட்டிருக்கிறது.

மேலே வந்தால் சஹனில் புரியாணி வந்து ஆவி பறக்கிறது, பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். இதை எப்படிச் சொல்வது? சாப்பிட்டு முடியட்டும் என்று இருந்தால், அதற்குள் லொறிக்காரருக்குப் போன் போய்விடும். சொல்லிவிட்டேன். பழைய விலையை விலக்கிவிட்டு அங்கேயே மறுபடி ஓட்டியும் காட்டினேன். விற்பனை போன மாதத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. விலையேற்றத்துக்கு அது பெரிய வெற்றி. ஹாஜியார் திரையைப் பார்த்தார், சஹனைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்: “செஞ்சத விடக் கூட வித்திருக்கம் எண்டா அது யாவாரம் இல்ல புள்ள, அது அல்லாஹ்ட பறக்கத்து, சோறு ஆறுது, வந்து இரி!”

ஒரு கடை, பல முகம்

எங்களிடம் எத்தனை கடைகள் வாங்குகின்றன என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. றமீஸ் காக்கா சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. மட்டக்களப்பில் மனிதர்களைவிடக் கடைகள் கூட என்று நினைக்க வேண்டியிருந்தது. பார்த்தால், அவர் எண்ணியது பற்றுச்சீட்டுகளை. ஒரே கடைக்காரர் வாரத்தில் நாலு தரம் வாங்கினால் நாலு கடை. ஒரு கடையை ஒரு தரம்தான் எண்ணு என்று கட்டளையில் ஒரேயொரு சொல்லைச் சேர்த்தேன். தொகை பொலபொலவென்று உதிர்ந்தது. றமீஸ் காக்காவின் முகமும் உதிர்ந்தது. ஆனால் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை: “நாலு தரமும் அவர் ஒரே ஆளா வாறாரு எண்டு நெனைக்கிறீங்களா தங்கச்சி? கடன் கேக்கக்குள்ள ஒரு மொகம், வெலையில கழிவு கேக்கக்குள்ள வேற மொகம்!”

ஆகப் பெரிய வாடிக்கையாளர்

பின்னேரங்களில் எனக்கொரு விளையாட்டு உண்டு. அன்று ஒரே தடவையில் ஆகக் கூடுதலாக விற்றது எது என்று ‘மாக்ஸ்’ போட்டுப் பார்ப்பேன். வழக்கமாக ஏதாவது பிறந்தநாள் வீடு வரும். ஒரு நாள் ஓட்டமாவடியில், ஒரே பற்றுச்சீட்டில் ஒரு முழு ஓட்டோ வந்தது. கப், கோன், குச்சியில் உறைந்த ஐஸ்பழம், அடியில் கிடந்த குடும்பப் பெட்டிகள், எல்லாம். சாரதியின் விரல் எங்கேயோ இடறிவிட்டது என்று முடிவு செய்து போன் எடுத்தேன். மறுமுனையில் பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. “பிழையா சரியா எண்டு நீங்களே கேளுங்க” என்று சாரதி போனை வாங்கினவரின் கையில் கொடுத்துவிட்டார்.

மூச்சு வாங்க ஒரு ஆண் குரல். முந்தின நாள்தான் சவூதியிலிருந்து வந்தவராம். தெருப் பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளோடு வந்த பெரியவர்களும் வரிசையில் நின்றார்களாம். நான் கணக்குச் சரிபார்க்க எடுத்தேன், மன்னியுங்கள் என்றேன். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்: “பிழையில்ல தங்கச்சி, அந்த வெயில்ல நிக்கக்குள்ளயெல்லாம், ஊருக்குப் போனா ஒரு ஐஸ்கிறீம் ஓட்டோவையே மறிச்சி வாங்கிறது எண்டுதான் நெனச்சிட்டு இரிந்தன்.”

கல்குடாவின் பூச்சியங்கள்

கல்குடாப் பக்கம் எங்கள் ஓட்டோவை ஓட்டுகிறவர் யோகன் அண்ணன். முன்பு கடலுக்குப் போனவர். இடுப்பில் அடிபட்ட பிறகு வலை இழுக்க ஏலாமல் போய், இந்த ஓட்டோவை நம்பி இருக்கிறார். ஓட்டோ கொம்பனியுடையது. வருட முடிவில் ஒவ்வொரு ஓட்டோவுக்கும் நாள் சராசரி விற்பனை எடுத்தோம். கல்குடா ஆகக் கடைசி. “இந்த ஓட்டோவ எடுத்து ஏறாவூருக்கு விடுவம், அங்க ஆள் கேக்குது” என்றார் றமீஸ் காக்கா. ஹாஜியாரும் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். செய்தி போய், மறுநாளே யோகன் அண்ணன் பஸ் ஏறி வந்துவிட்டார். சண்டை பிடிக்கவில்லை. கதவுப் பக்கம் நின்று, “தங்கச்சி, அந்தக் கணக்க நான் ஒருக்காப் பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டார். எண்களைப் பார்த்தார். “கடற்கரைக்குச் சனம் வாற மாசமெல்லாம் நான் பெட்டியக் கழுவிக் கவுட்டுப்போட்டுத்தானே வீட்ட போனன்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அது என்னை உட்காரவிடவில்லை. அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, சராசரியை ஒரு பக்கம் வைத்து, நாள் நாளாக வரிகளைத் திறந்தேன். மழைக் காலம் வந்ததும் யோகன் அண்ணனின் வரிகளில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். கடல் கொந்தளித்து, ரோட்டில் வெள்ளம் ஓடின நாட்கள். சரி, அதே நாட்களில் மற்ற ஓட்டோக்கள் என்ன விற்றன என்று பார்த்தேன். வெறுமை. எண்ணே இல்லை. அவர்களும் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். விற்காத நாளில் போனில் ஒன்றும் தட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதில் களவு ஒன்றும் இல்லை, தட்ட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். சராசரி எடுக்கும் கட்டளை பூச்சியத்தை ஒரு நாளாகக் கணக்கில் சேர்க்கும். வெறுமையைக் கண்டால் அப்படி ஒரு நாளே இருக்கவில்லை என்று தாண்டிப் போய்விடும். மற்றவர்களுக்கு விற்ற நாட்களின் சராசரி. யோகன் அண்ணனுக்கு மட்டும் மழையையும் சேர்த்துச் சராசரி!

வெறுமை எல்லாவற்றையும் பூச்சியமாக எடு என்று ஒரு சொல்லைச் சேர்த்து அழுத்தினேன். கல்குடா கீழேயிருந்து கிளம்பி ஒவ்வொரு ஊராகத் தாண்டி மேலே போய் இரண்டாவது இடத்தில் நின்றது. நான் கதிரையிலிருந்து கத்திவிட்டேன். றமீஸ் காக்கா ஓடி வந்தார், நம்பவில்லை, மழை நாட்களை எல்லோருக்கும் விலக்கிவிட்டு இன்னொரு தரம் எடு என்றார். எடுத்தேன். அப்போதும் இரண்டாவது. ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, “ஓட்டோ கல்குடாவுலயே நிக்கட்டும், ஏறாவூருக்கு வேற பாப்பம்” என்றார். யோகன் அண்ணன் சேர்ட் கையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார். றமீஸ் காக்காவுக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. ஒருவரும் போடாத பூச்சியத்தை, கொட்டுகிற மழையில் வீட்டில் இருந்துகொண்டு நாள் தவறாமல் ஏன் போட்டாய் என்று கேட்டார். யோகன் அண்ணன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்: “ஒண்டும் விக்கல்லத்தானே காக்கா, மறுகா என்னத்தப் போடுறது?”

ஹாஜியார் கேட்ட குவெரி

அதற்குப் பிறகு ஹாஜியாருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண்டதையெல்லாம் குரூப் பண்ணச் சொல்வார். கந்தோரில் தேத்தண்ணீர்ச் செலவு கூடிவிட்டதென்று, யார் எத்தனை கோப்பை குடிக்கிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, “ஆள் வாரியாக் குரூப் பண்ணு. நாளைக்கு அஞ்சு கோப்பைக்கு மேல குடிக்கிற ஆள மட்டும் காட்டு” என்றார். கூட்டி முடித்த பிறகு வடிகட்டுவதற்கு ‘ஹேவிங்’ என்றொரு கட்டளை இருக்கிறது. படிக்கும் காலத்தில் எனக்கு ஏறவே ஏறாத அதை, மனிதர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்து ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்! உற்சாகமாக எழுதி அழுத்தினேன். ஒரேயொரு பெயர்தான் வந்தது. நான் திரையை மறைக்கப் பார்ப்பதற்குள் அவர் வாசித்துவிட்டார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னார்: “குவெரி சரி புள்ள, ஆனா மொதலாளிமார எண்ணப்படாது எண்டு ஒரு வரி சேத்துக்க.”

தீர்த்தத்தன்று

மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்றால் எங்கள் கொம்பனிக்கு வருடத்தின் பெரிய நாள். வழக்கமாக வனிலாக் கப்பைத்தான் மலையாகச் செய்து அனுப்புவார்கள். இந்த முறை நான் முந்தின வருடத்துத் தீர்த்த நாளை எடுத்து, மணித்தியாலம் வாரியாக, சாமான் வாரியாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். வனிலாக் கப் நாள் முழுக்க நொண்டி நொண்டிப் போய், பாதி திரும்பி வந்திருந்தது. ஐஸ்பழமோ, தீர்த்தம் முடிந்த கையோடு ஒரு பாய்ச்சல் பாய்ந்து, அதற்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் பூச்சியம். அது வேண்டாம் என்ற பூச்சியமா, முடிந்துபோன பூச்சியமா? விற்பனை அறிக்கையில் விற்றதுதான் தெரியும், கேட்டுவிட்டு இல்லாமல் போனவர்கள் தெரியமாட்டார்கள். கொண்டுபோனது எத்தனை என்று கீழே தொழிற்சாலைக்குப் போய்ப் பதிவைப் பார்த்தேன். கொண்டுபோனது முழுக்க விற்றிருக்கிறது! படியில் இரண்டிரண்டாக ஏறிப் போய் ஹாஜியாரிடம், இம்முறை மெசின்களில் பாதியை ஐஸ்பழத்துக்குத் திருப்புங்கள் என்றேன். “காலங்காத்தால ஐஸ்பழம் ஆர் தின்னுவான்?” என்றார் றமீஸ் காக்கா. “நீ செல்லுறது நடக்காட்டி?” என்றார் ஹாஜியார். “அவ்வளவையும் நான் தின்னுறன் ஹாஜியார்” என்று சொல்லிவிட்டேன். மெசின்கள் திரும்பின.

தீர்த்தத்தன்று யோகன் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய ஓட்டோவில் நானும் போனேன். அமிர்தகழி ஒழுங்கை முழுக்கச் சனம், எல்லாம் குளத்தைப் பார்த்துப் போகிற சனம். எங்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பெட்டி நிறைய ஐஸ்பழம். வெயில் ஏற ஏற நான் பெட்டி மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். கோயில் வாசலில் மற்ற ஓட்டோவோடு நின்ற றமீஸ் காக்கா போன் எடுத்து, “தங்கச்சி, தின்னத் தொடங்கிட்டீங்களா?” என்று கேட்டார். அப்போது குளப் பக்கமிருந்து அரோகரா எழுந்தது. சற்று நேரத்தில் ஈரத் தலைகள் வரத் தொடங்கின. முதலில் இரண்டு பிள்ளைகள், பிறகு அவர்களின் சகோதரங்கள், பிறகு ஒழுங்கையே எங்கள் ஓட்டோவைச் சுற்றி நின்றது. யோகன் அண்ணன் எடுத்துக் கொடுக்க, நான் காசு வாங்க, கை போதவில்லை. இடைக்கிடை போனில் அதே குவெரியைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் எண் பாய்ந்து பாய்ந்து ஏறியது. “காக்கா, வாசலுக்கும் பெட்டி அனுப்பவா?” என்று நான் போனில் கேட்டபோது றமீஸ் காக்கா “கெதியா, கெதியா!” என்று கத்தினார். அவருடைய ஐஸ்பழமும் முடிந்திருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் வாங்குவது சரி, ஏன் இவ்வளவு பெரியவர்கள்? அதுவும் பக்கத்தில் வனிலாக் கப் இருக்க, ஏன் ஐஸ்பழமே வேண்டும் என்கிறார்கள்? சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சிவப்பு ஐஸ்பழத்தைச் சப்பிக்கொண்டு நின்ற ஒரு அக்காவிடம் கேட்டேன். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “செத்துப்போன அப்பாவுக்கு விரதம்கா, கப்புக்குள்ள முட்டை கிட்டை போட்டிரிப்பாங்க, இது கட்டியாப் போன தண்ணிதானே, அப்பா ஒண்டும் சொல்லமாட்டார்.”

ஆகக்கூடி, யார் எங்கே எத்தனை வாங்கினார்கள் என்பதை நாங்கள் கதிரையில் இருந்தபடி ஒரு வரியில் சொல்லிவிடுவோம், ஏன் வாங்கினார்கள் என்று கேட்டால்தான் எழும்பிப் போய் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது.